அம்மா ஓடி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விடுகிறோம். கட்டணம் கட்டுகிறோம். காத்திருந்து கூட்டி வருகிறோம். ஆனால், கூட இறங்கி ஓடுகிறோமா?

போன ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம். மகளின் இறகுப்பந்துப் பயிற்சி முடியட்டும் என்று வெளியே சிமென்ட் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஆண்டாக, வாரத்தில் மூன்று நாள், என் இடம் அதுதான். என்னோடு இன்னும் எட்டுப் பத்துப் பெற்றோர். ஆளுக்கொரு கைபேசி. உள்ளே பிள்ளைகள் ஓடுகிற சத்தம். வெளியே நாங்கள் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிற அமைதி.

அன்றைக்குப் பார்த்து கரண்ட் போனது. இருட்டிய அரங்கிலிருந்து பிள்ளைகள் மொத்தமாக வெளியே வந்தார்கள். சும்மா நிற்பார்களா? வாசலில் ஓடிப்பிடிச்சு ஆரம்பமானது. என்னோடு வந்திருந்த ஏழு வயது மகனும் சேர்ந்துகொண்டான். ஒரு சுற்று ஓடி வந்தவன் என் தோளைத் தொட்டுவிட்டு, "நீதான் அவுட்டும்மா! நீதான் பிடிக்கணும்!" என்று கத்திவிட்டு ஓடினான்.

எழுந்து ஓடினேன். தெருவிளக்குக் கம்பம் வரைக்கும்கூட மூச்சு வரவில்லை. ஆனாலும் ஓடினேன்.

வீடு திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து மகள் கேட்டாள்: "அம்மா, நீ ஓடுவியா? நான் பார்த்ததே இல்ல."

அவளுக்கு அப்போது வயது பன்னிரண்டு. நான் சமைத்துப் பார்த்திருக்கிறாள், திட்டிப் பார்த்திருக்கிறாள், காய்ச்சலில் படுத்துப் பார்த்திருக்கிறாள். பன்னிரண்டு ஆண்டு ஒரே வீட்டில் இருந்தும் நான் ஓடி அவள் பார்த்ததில்லை. பள்ளியில் நூறு மீட்டர் ஓட்டத்தில் பரிசு வாங்கியவள் நான். அந்தச் சான்றிதழ் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. பிள்ளைகள் பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்து வளர்வதில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் பிறந்தது. அதற்குப் பிறகு ஓராண்டு நாங்கள் செய்தது, தவறியது, படித்துத் தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் இங்கே சொல்கிறேன்.

நான்கில் மூன்று பிள்ளைகள்

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2016-ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். 11 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில், உலக அளவில் 81 சதவீதம் பேர் போதிய அளவு உடலை அசைப்பதில்லை. இந்தியாவில் அது ஏறத்தாழ 74 சதவீதம், அதாவது நான்கில் மூன்று பிள்ளைகள். ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம்.

பெரியவர்கள் மட்டும் ஒழுங்கா? 2022-ஆம் ஆண்டு நிலவரத்தைச் சொல்லும் கணக்கு 2024-ல் வெளியானது. இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் இருக்க வேண்டியதைவிடக் கூடுதல் எடையோடு இருக்கிறார்கள். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது.

பிள்ளைகள் கணக்கு ஒரு பக்கம், பெற்றோர் கணக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் படிக்கிறோம். இரண்டும் ஒரே வீட்டுக்குள் நடப்பவை. ஒரே சோபா, ஒரே டி.வி., ஒரே ஸ்கூட்டர். தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போவதற்கும் வண்டியை எடுக்கிற அப்பா, பின்னால் ஏறிக்கொள்ளும் பிள்ளை. நோய் சேர்ந்து வருகிறதென்றால் மருந்தும் சேர்ந்துதானே வர வேண்டும்?

அம்மா இரண்டு மடங்கு, அப்பா மூன்றரை மடங்கு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்றொரு ஊர். 1948-ல் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக அந்த ஊர் மக்களின் இதயத்தை ஆராய்ந்து வருகிறார்கள். அங்கே 4 முதல் 7 வயது வரையுள்ள 100 பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டார்கள். முடிவு 1991-ல் வெளிவந்தது. அம்மா சுறுசுறுப்பாக இருக்கும் வீட்டில் பிள்ளை சுறுசுறுப்பாக இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு. அப்பா சுறுசுறுப்பாக இருந்தால் மூன்றரை மடங்கு. இருவருமே அப்படி இருந்தால் 5.8 மடங்கு.

நூறு பிள்ளைகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனால் பிற்பாடு, 2014-ல், இங்கிலாந்தில் நான்கு வயதுப் பிள்ளைகள் 554 பேரையும் அவர்களுடைய அம்மாக்களையும் அளந்தபோதும் அதே திசையில்தான் விடை கிடைத்தது. அம்மா எவ்வளவு அசைகிறாரோ, அதையொட்டிப் பிள்ளையின் அசைவும் கூடியது. அந்த அம்மாக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், வாரத்தில் ஒரு நாள்கூட அரை மணி நேரம் மூச்சு வாங்கும்படி உடலை அசைக்கவில்லை என்பதும் தெரிந்தது.

கொண்டுபோய் விடுவது வேறு, கூட இறங்குவது வேறு. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்டும் நான் முதலாவதை மட்டுமே செய்துகொண்டிருந்தேன். பயிற்சி என்பது சின்னப் பிள்ளைகளுக்கானது, வளர்ந்தால் உட்கார்ந்துவிடலாம் என்பதை என் மகளுக்குச் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தெப்பக்குளக் கரையில் முதல் வாரம்

நாங்கள் மதுரைக்காரர்கள். திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் எங்களுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. நான்கு கரையும் ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். விடியும் முன்னே கூட்டம் சேர்ந்துவிடும். சேலைக்குக் கீழே ஷூ போட்ட அக்காக்கள், கைத்தடியோடு வேகநடை போடும் பெரியவர்கள், தண்ணீரைப் பார்த்தபடி மூச்சுப் பயிற்சி செய்பவர்கள். நடந்து முடித்தவர்களுக்குச் சூடாகப் பருத்திப்பால்.

முதல் நாள் நானும் இரண்டு பிள்ளைகளும் ஐந்தரை மணிக்குக் கிளம்பினோம். மூன்று சுற்று என்று நான் கணக்கு வைத்திருந்தேன். மகன் ஒரு சுற்று முடியுமுன் "கால் வலிக்குது" என்றான். மூன்றாம் நாள் எழுந்திருக்கவே மறுத்துவிட்டான். "போரடிக்குதும்மா. சும்மா நடந்துக்கிட்டே இருக்கோம்."

அவன் சொன்னதுதான் சரி என்று பிறகு புரிந்தது. பெரியவர்கள் சீராக ஒரே வேகத்தில் அரை மணி நேரம் நடப்போம். பிள்ளைகளின் உடல் அப்படி இயங்குவதில்லை. பாய்வார்கள், நிற்பார்கள், கீழே கிடப்பதை எடுப்பார்கள், மறுபடி பாய்வார்கள். சில நொடி வேகம், சில நொடி ஓய்வு. அவர்களை நம் நடைக்கு இழுத்தால் அது அவர்களுக்குக் கவாத்து. நாம் அவர்கள் ஆட்டத்துக்குப் போனால் அது இருவருக்கும் பயிற்சி.

அடுத்த வாரம் மாற்றினோம். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், அதற்கடுத்த கம்பம் வரை நடை. எந்தக் கம்பத்தில் ஓட்டத்தைத் தொடங்குவது என்று சொல்வது மகன் பொறுப்பு. கரை திரும்பும் மூலையில் நொண்டி. அவன் "ஓடு!" என்று சொன்னால் நானும் ஓட வேண்டும், விதிவிலக்கு கிடையாது. அந்த அதிகாரம் அவன் கைக்கு வந்த பிறகு, காலையில் என்னை எழுப்புகிறவன் அவன்தான்.

தண்டனையும் தோப்புக்கரணமும்

மழை பெய்த ஒரு நாள், வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எழும் பயிற்சி செய்யலாம் என்றேன். மகன் முகம் சுண்டிவிட்டது. "நான் என்ன தப்பு செஞ்சேன்?"

யோசித்தால் வலிக்கிறது. நம் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி பெரும்பாலும் தண்டனையாகத்தான் அறிமுகமாகிறது. வீட்டுப்பாடம் எழுதவில்லையா, தோப்புக்கரணம் போடு. தாமதமாக வந்தாயா, மைதானத்தை நான்கு சுற்று ஓடு. பி.டி. பீரியடை மட்டும் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்ளும். ஓட்டம் என்பது அவமானம், விளையாட்டு என்பது வீண் என்று இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிட்டு, முப்பது வயதில் ஜிம்முக்குப் போ என்கிறோம்.

அதே தோப்புக்கரணத்தைத்தான் பிள்ளையார் சந்நிதியில் சிரித்துக்கொண்டே போடுகிறோம். மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையாரே தெப்பக்குளம் தோண்டும்போது கிடைத்தவர் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. அந்தக் கதையை மகனுக்குச் சொல்லி, அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அவ்வளவு பெரிய பிள்ளையாரைப் பார்த்ததும் அவனே காதைப் பிடித்துக்கொண்டான். நானும் பக்கத்தில் நின்று போட்டேன். தொடை, இடுப்பு, முதுகு மூன்றும் சேர்ந்து வேலை செய்யும் அருமையான அசைவு அது. அசைவில் எந்த மாற்றமும் இல்லை. பக்கத்தில் நின்றது யார், எந்த முகத்தோடு நின்றார் என்பதுதான் மாறியது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு விதி. பயிற்சியைத் தண்டனையாகத் தருவதில்லை. பயிற்சிக்குப் போக மாட்டேன் என்பதற்கும் தண்டனை இல்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டோம்: யாருடைய எடையைப் பற்றியும் பேச்சே எடுப்பதில்லை. "குண்டு", "ஒல்லிக்குச்சி" என்ற சொற்கள் வீட்டுக்குள் வருவதில்லை. போன மாதம் பத்துத் தரம் கயிறு தாண்டியவன் இந்த மாதம் நாற்பது தாண்டுகிறானா என்பதே எங்கள் அளவுகோல்.

மொட்டை மாடியே போதும்

குடும்பத்தோடு உடற்பயிற்சி என்றதும் சைக்கிள், ஜிம் உறுப்பினர் அட்டை, விலை கூடிய ஷூ என்று மனம் பட்டியல் போடும். நம் ஆட்டங்களுக்கு ஒரு கரித்துண்டும் ஒரு சில்லும் போதும்.

பாண்டியில் ஒற்றைக்காலால் கட்டம் கட்டமாகத் தாவுகிறோம். காலும் சமநிலையும் உறுதியாகின்றன. குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் எலும்புக்கு ஒரு சுமை கிடைக்கிறது. எலும்பு பலப்பட அந்தச் சுமைதான் வேண்டும். வாழ்நாளில் ஒருவர் சேர்க்கும் எலும்பு வலுவில் 90 சதவீதம் வரை, பெண்பிள்ளைகளுக்கு 18 வயதுக்குள்ளும் ஆண்பிள்ளைகளுக்கு 20 வயதுக்குள்ளும் சேர்ந்துவிடுகிறது. அறுபது வயதில் இடுப்பெலும்பு முறியாமல் இருப்பதற்கான சேமிப்பு பன்னிரண்டு வயதுப் பாண்டியாட்டத்தில் நடக்கிறது.

பச்சைக்குதிரை தாண்டினால் கைக்கும் தோளுக்கும் பலம். கிளித்தட்டும் கல்லா மண்ணாவும் சட்டென்று திரும்பக் கற்றுத்தரும். ஏழாங்கல்லில் குறி, ஓட்டம், ஏமாற்று மூன்றும் உண்டு. கபடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாட வேண்டும். சிலம்பத்துக்கு ஒரு கம்பு போதும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. சென்னையோடு மதுரை, திருச்சி, கோவை ஆகிய ஊர்களிலும் அந்தப் போட்டிகள் நடந்தன.

பிள்ளைகள் தசைப்பயிற்சி செய்தால் வளர்த்தி நின்றுவிடும் என்று பயப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. தன் உடல் எடையையே சுமையாகக் கொண்டு, பெரியவர் கண்பார்வையில், சரியான முறையில் செய்யும் பயிற்சி பிள்ளைகளுக்கு நல்லதே.

எவ்வளவு நேரம்? எந்த அளவு?

*உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுகள்:*

3, 4 வயது: நாள் முழுவதும் பரவலாக 180 நிமிட அசைவு. அதில் 60 நிமிடமாவது ஓடியாடும் விளையாட்டு. திரை முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

5 முதல் 17 வயது: தினமும் சராசரியாக 60 நிமிடம். வாரத்தில் மூன்று நாளாவது வேகமான ஆட்டமும், தசைக்கும் எலும்புக்கும் பலம் தரும் பயிற்சியும் வேண்டும்.

18 முதல் 64 வயது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. இரண்டு நாளாவது தசைப்பயிற்சி.

65-க்கு மேல்: அதே அளவோடு, வாரத்தில் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும்.

*அளக்கக் கருவி வேண்டாம்.* நடக்கும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையான வேகம். அறுபது நிமிடத்தையும் ஒரேயடியாகச் செய்ய வேண்டியதில்லை. காலையில் இருபது, பள்ளியில் இருபது, சாயங்காலம் இருபது என்று சேர்ந்தாலும் கணக்கு கணக்கே.

அடுப்பை யார் பார்ப்பது?

காலை ஐந்தரைக்கு நான் தெப்பக்குளத்தில் இருந்தால் இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றுவது யார்? குடும்ப ஆரோக்கியம் பற்றிப் பேசுகிற பலரும் தாண்டிப்போகிற கேள்வி இது. தமிழ்க் குடும்பங்களில் அம்மாக்கள் நடக்காமல் இருப்பதற்குச் சோம்பல் காரணமில்லை. காலை ஐந்து முதல் எட்டு வரை அவர்களுக்குச் சொந்தமில்லை.

"வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே" என்பார்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் கிணற்றடியும் இருந்த காலத்தில் அதில் உண்மை இருந்தது. இன்றைய சமையலறையில் நாள் முழுக்க நின்றாலும், இதயம் வேகமாகத் துடிக்கும் நேரம் மிகக் குறைவு. களைப்பு வேறு, பயிற்சி வேறு. கால் வீங்கும்வரை நிற்பவருக்குக் களைப்பு கிடைக்கிறது, பலம் கிடைப்பதில்லை.

எங்கள் வீட்டில் பேசி முடிவெடுத்தோம். திங்கள், புதன், வெள்ளி காலை அடுப்பு என் கணவர் பொறுப்பு. முந்தைய இரவே மாவு, காய் எல்லாம் தயார். செவ்வாய், வியாழன் அவர் நடக்கப் போவார், நான் வீட்டில். சனி, ஞாயிறு எல்லோரும் சேர்ந்து. ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் தாமதமானால் யாரும் கேட்பதில்லை. அப்பா தோசை வார்ப்பதையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு பயிற்சிதான்.

செங்கல் சுமக்கிற, வயலில் குனிந்து நிமிர்கிற பெற்றோருக்கு நான் உடற்பயிற்சி சொல்லத் துணிய மாட்டேன். அவர்களுக்கு வேண்டியது ஓய்வு. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைக்கும் அப்பா தோளில் தொங்குகிற பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்குத் தெம்பு மிச்சமிருக்கும்படி வேலைநேரமும் கூலியும் இருக்க வேண்டும்.

வயதுக்கு வந்தால் ஆட்டம் முடிந்ததா?

இந்த ஆண்டில்தான் மகள் வயதுக்கு வந்தாள். சடங்கு முடிந்த வாரமே உறவுக்காரர்கள் சிலர் கேட்டார்கள்: "இன்னமும் மட்டையைத் தூக்கிட்டுப் போகப் போறாளா?"

பெண்பிள்ளைகள் மைதானத்தைவிட்டு மறைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒருநாளில் யாரும் தடை போடுவதில்லை. முதலில் "வெயில்ல கறுத்துடுவ", பிறகு "துணி சரியில்ல", பிறகு "இருட்டிப் போச்சு", பிறகு பத்தாம் வகுப்பு. எலும்பும் தசையும் அதிகமாகச் சேர வேண்டிய ஆண்டுகள் அவை.

மாதவிடாய் நாளில் விளையாடக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவுமில்லை. வலி தாங்கும் அளவில் இருந்தால் மெல்லிய நடையும் உடலை நீட்டும் பயிற்சியும் அதைத் தணிக்கவும் கூடும். அன்றைக்கு வேண்டாம் என்று அவளாகச் சொன்னால் வேண்டாம். அந்த முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும்.

இங்கேதான் அம்மா கூட இறங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு விளங்கியது. நான் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு, மகள் ஓடுவதைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை.

படிப்பு கெட்டுப்போகாதா?

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளை இருபது நிமிடம் நடக்கவிட்டு, பிறகு தேர்வு வைத்துப் பார்த்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிட நடந்த நாளில் அவர்களுடைய கவனமும் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனும் மேம்பட்டிருந்தன. 2009-ல் அந்த ஆய்வு வெளியானது.

கண்ணுக்கும் நன்மை உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனார்கள். மூன்று ஆண்டு முடிவில், வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். வெளிச்சத்தில் விளையாடுவது கண்ணாடி போடும் நாளைத் தள்ளிப்போடுகிறது. டியூஷனுக்கு ஒதுக்கும் நேரத்தில் கொஞ்சம் வெயிலுக்கும் ஒதுக்கலாம்.

கவனம் வேண்டிய இடங்கள்

நெடுநாளாக உடலை அசைக்காதவர், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தால் அதற்கான மருந்து கையோடு இருக்கட்டும். நடுவில் நெஞ்சுவலி, தலைசுற்றல், அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

முதல் வாரமே ஐந்து கிலோமீட்டர் வேண்டாம். பத்து நிமிடத்தில் தொடங்கி வாரவாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

கத்திரி வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்குள் முடியுங்கள். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். முடித்தபின் மோர், கம்மங்கூழ், சுண்டல், வாழைப்பழம், அவித்த முட்டை போதும். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிச்சத்து பானம் தேவையில்லை.

விடியுமுன் சாலையோரம் நடப்பவர்கள் வெளிர்நிற உடை அணியுங்கள், வாகனம் எதிரே வருவது தெரியும் பக்கமாக நடங்கள்.

தூக்கத்தைத் திருடி உடற்பயிற்சி வேண்டாம். ஐந்தரைக்கு எழ வேண்டுமென்றால் இரவு ஒன்பதுக்கு வீட்டில் விளக்கு அணைய வேண்டும், பெரியவர் கைபேசியும் சேர்த்து.

இடம் வேண்டும்

வீட்டுக்குள் எவ்வளவு மாறினாலும் வாசலில் இடம் இல்லையென்றால் எங்கே ஓடுவது? நடைபாதையில் வண்டிகள் நிற்கின்றன. பூங்காக்களில் கழிவறை பூட்டிக் கிடக்கிறது. பள்ளி மைதானங்கள் சாயங்காலம் நாலரைக்கு மூடப்படுகின்றன.

2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதையை அடையாளம் காட்டியது. நல்ல தொடக்கம். அந்தப் பாதை ஒவ்வொரு தெருவுக்கும் வர வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்கிறது. இருக்கும் மைதானத்தை மாலையில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு மணி நேரம் திறந்துவிட்டால், பெரிய செலவில்லாமல் ஆயிரக்கணக்கான பூங்காக்கள் கிடைக்கும்.

பள்ளிகளே தொடங்கவும் முடியும். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில் செயின்ட் நினியன்ஸ் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை எலைன் வில்லி, 2012 பிப்ரவரியில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். தினமும் 15 நிமிடம், போட்டிருக்கிற உடையோடு, பிள்ளைகள் வெளியே போய் ஓடவோ நடக்கவோ வேண்டும். போட்டியில்லை, பரிசில்லை. 'டெய்லி மைல்' என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. நம் பள்ளிகளில் காலை வழிபாட்டுக்கு நிற்கிற நேரத்தோடு பதினைந்து நிமிடம் சேர்த்தால் போதும், ஆசிரியர்களும் கூட ஓடினால்.

சில்லு

இப்போது ஓராண்டு ஆகிவிட்டது. எல்லா நாளும் போனோம் என்று சொல்ல மாட்டேன். தேர்வு வந்தது, காய்ச்சல் வந்தது, இரண்டு வாரம் முழுதாக விட்டுப்போனது. விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினோம். என்னால் இப்போது தெப்பக்குளத்தின் ஒரு முழுச் சுற்றை நிற்காமல் ஓட முடிகிறது. மகள் எனக்கு முன்னால் ஓடி, மூலையில் நின்று, நான் வந்ததும் சேர்ந்துகொள்வாள். படிக்கட்டில் காத்திருந்த இரண்டு ஆண்டில் நாங்கள் பேசாததையெல்லாம் அந்தக் கரையில் பேசியிருக்கிறோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடியில் கரித்துண்டால் பாண்டிக் கட்டம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தோம். அத்தை வடாம் காயப்போட வந்தார். பிள்ளைகளின் அப்பத்தா. வயது அறுபத்தாறு. மகள் சில்லை எறிந்தாள். கோட்டில் விழுந்தது.

"இப்படி எறியக் கூடாதுடி. மணிக்கட்டைத் தாழ்த்தணும்" என்றார் அத்தை. வடாம் தட்டைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். சில்லை வாங்கி, கண்ணைச் சுருக்கி எறிந்தார். நாலாவது கட்டத்தின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தது. தாவவில்லை. முழங்கால் இடம் கொடுக்காது. ஒவ்வொரு கட்டமாகப் பாதம் வைத்து நடந்துபோய், குனிந்து சில்லை எடுத்துக்கொண்டு, கோட்டை மிதிக்காமல் திரும்பி வந்தார்.

பதினைந்து ஆண்டாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அத்தை விளையாடி நான் பார்த்ததே இல்லை.

"அடுத்து யாரு?" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. நான்தான்.